வைக்கோல் போருக்கு எட்டு வருசம்

எங்கள் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஒன்பது வயதில் ஒரு வைக்கோல் போரை எரித்தார். 1974, பங்குனி மாசக் கடைசி. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊர் பேரோ ஆண்டை பேரோ இங்கே வேண்டாம். ஆண்டை செத்துப்போய்ப் பல வருசமாகிறது. நான் சொல்ல வருவது அந்த ஒரு ஊரைப் பற்றி மட்டுமல்ல.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மாமா மாடு மேய்க்கப் போயிருக்கிறார். மல்லாட்டை பிடுங்கின கொல்லையில் மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் கிளறிப் பொறுக்கியிருக்கிறார். ஊர்த்தெருப் பையன் ஒருத்தனும் கூட இருந்தான். ஆண்டையின் பங்காளி வீட்டுப் பிள்ளை, மாமா வயசுதான். தீப்பெட்டி அவனுடையது. களத்து ஓரமாகச் சருகு கூட்டி இரண்டு பேரும் மல்லாட்டை சுட்டார்கள். பங்குனிக் காற்று. ஒரு பொறி போய் விழுந்தது. அப்புறம் சேரியும் ஊரும் சேர்ந்து குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றியும் போர் நிற்கவில்லை.

தீப்பெட்டி கொண்டுவந்த பையனுக்கு அவன் வீட்டில் இரண்டு அறை விழுந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விட்டான். மாமாவைப் புளியமரத்தில் கட்டிவைத்தார்கள். சாயங்காலம் பஞ்சாயத்து. போருக்கு 600 ரூபாய், ஊர்க்குத்தம் 50 ரூபாய், மொத்தம் 650. தாத்தாவிடம் ஆறு ரூபாய்கூடக் கிடையாது. "பையனைப் படியாளா விடு, வருசத்துக்கு 80 ரூபா கழிச்சிக்கலாம்" என்று முடித்தார்கள். மாமா அப்போது மூணாங்கிளாஸ்.

"அதுல எத்தினி கட்டு இருந்திச்சின்னு யாரு எண்ணுனா? பாதிப் போரை மாடு அப்பவே தின்னுட்டிச்சி. அவுரே சொன்னாரு, அவுரே எழுதிக்கிட்டாரு" என்று மாமா இப்போதும் சொல்வார். நடுவில் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனதில் 200 ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்கினார்கள். 1982-இல் மாமா ராத்திரியோடு ராத்திரியாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஓடிப்போனபோது, எட்டு வருசம் உழைத்த பிறகும், கணக்குப்படி 210 ரூபாய் பாக்கி இருந்தது.

இந்தக் கதையை நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வருகிறேன். சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் வேறு ஒரு கேள்வி வந்தது. பிள்ளைகள் பெரிய சேதம் செய்துவிட்டால் அதற்கு நியாயமான தண்டனை எது என்று இந்த நாட்டில் யாருமே யோசிக்கவில்லையா? யோசித்திருக்கிறார்கள். எழுதியும் வைத்திருக்கிறார்கள். அது சேரிக்கு வந்து சேராமல் போன வரலாறுதான் இந்தக் கட்டுரை.

1860-ஆம் வருச இந்திய தண்டனைச் சட்டம், 82-ஆம் பிரிவு: ஏழு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றமல்ல. 83-ஆம் பிரிவு: ஏழுக்கு மேல், பன்னிரண்டுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தான் செய்கிற காரியம் என்ன, அதனால் என்ன வரும் என்று புரிந்துகொள்ளும் அறிவு முதிர்ந்திருக்காவிட்டால் அதுவும் குற்றமல்ல. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. இந்த இரண்டும் 20, 21 என்று எண் மாறி அப்படியே நிற்கின்றன. ஆக மாமாவுக்கு இருந்திருக்க வேண்டிய பாதுகாப்பு அவர் பிறப்பதற்கு நூறு வருசத்துக்கு முன்பே சட்டத்தில் இருந்தது.

அதே சட்டத்தில் 435-ஆம் பிரிவையும் படியுங்கள். வேண்டுமென்றே தீ வைத்துச் சேதம் செய்வதற்கான பிரிவு. சேதம் நூறு ரூபாய்க்கு மேல் இருந்தால் ஏழு வருசம் வரை சிறை. சேதமானது விளைபொருளாக இருந்தால் நூறு வேண்டாம், பத்து ரூபாய் போதும். பத்து ரூபாய் வைக்கோலுக்கு ஏழு வருசம்! பயிருக்கும் போருக்கும் சொந்தக்காரன் யார், அவற்றுக்குப் பக்கத்தில் நெருப்போடு நடமாடுகிறவன் யார் என்று தெரிந்துதான் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் இந்தப் பிரிவுக்குக்கூட ஒரு நிபந்தனை உண்டு. சேதம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும், அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். மல்லாட்டை சுட்டவனுக்கு அது பொருந்தாது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் அஜாக்கிரதை என்ற அளவில் நின்றிருக்கும், வயசைப் பார்த்து அதுவும் விழுந்திருக்கும். கோர்ட்டுக்குப் போகாததால் சட்டத்தின் உச்சபட்ச தண்டனையைவிட ஒரு வருசம் கூடுதலாக எங்கள் மாமா அனுபவித்தார்.

பஞ்சாயத்தில் என்ன பேசினார்கள் என்பதை அம்மா நினைவு வைத்திருக்கிறார். "வெவரம் தெரிஞ்ச பையன், தெரிஞ்சேதான் வச்சான்" என்றார்களாம். இந்த 'வெவரம் தெரிஞ்ச' என்கிற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். நம் பிள்ளை ஐந்து வயசில் தங்கச்சியை இடுப்பில் தூக்குகிறது, ஏழு வயசில் பத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறது. வேலை செய்கிறது, அதனால் பெரிய மனுசன். பெரிய மனுசன் செய்தால் குற்றம். தீப்பெட்டி கொண்டுவந்தவனுக்கு மாடு மேய்க்கும் வேலை கிடையாது, அவன் குழந்தை. சட்டம் பன்னிரண்டு வயசு வரை தருகிற சலுகையை உழைப்பு ஏழு வயசிலேயே நம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

இது ஊர்க்காரர்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சர்க்காரே எழுதித் தந்த வழக்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தாமஸ் மன்றோவின் தலைமையில் உட்கார்ந்த ஆணையத்துக்குப் பிறகு, 1816-இல் மதராஸ் மாகாணத்தில் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிராமத் தலைவர்களுக்குச் சில்லறைக் குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் தந்தது. தண்டனை இரண்டு விதம். மற்றவர்களைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். இழிவான தண்டனை கொடுப்பது பொருத்தமில்லாததாகாத கீழ்ச்சாதிக்காரர்களை ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். 1821-இல் சில்லறைத் திருட்டுக்கும் இந்த அதிகாரத்தை நீட்டினார்கள். தமிழில் தொழு என்றால் கும்பிடு, தொழு என்றால் மாட்டுக் கொட்டில், தொழு என்றால் காலை மாட்டுகிற மரச்சட்டம். எம்.ஏ. படிக்கும்போது அகராதியில் இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயசுப் பையனைப் புளியமரத்தில் கட்டுவதற்கு 1974-இல் எந்த ஒழுங்குமுறையும் அனுமதிக்கவில்லை. ஆனால் நம் உடம்பு கட்டுவதற்கானது என்பதை அவர்கள் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கிராமத்துக்கு வெளியே, சர்க்கார் பிள்ளைகளை என்ன செய்தது? முதலில் அடித்தது. 1864 கசையடிச் சட்டப்படி சின்ன வயசுக் குற்றவாளிக்குச் சிறைக்குப் பதிலாகப் பிரம்படி தரலாம், மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர. 1909-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். சுதந்திரம் வந்தும் அது போகவில்லை, 1955-இல்தான் ஒழித்தார்கள். இதற்கிடையில் 1876-இலும் பிறகு 1897-இலும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள். 1887-இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி திறந்தார்கள். 1920-இல் மதராஸ் குழந்தைகள் சட்டம், இந்தியாவிலேயே முதல். வங்காளமும் பம்பாயும் பிறகுதான் பின்தொடர்ந்தன.

ஃபூக்கோ படித்த தோழர்கள் இந்த இடத்தில் உடனே ஒன்று சொல்வார்கள். உடம்பை அடிக்கிற தண்டனை போய், பழக்கி ஒழுங்குபடுத்துகிற தண்டனை வந்தது என்பார்கள். பிரான்சில் 1840-இல் திறந்த மெத்ரே சிறுவர் முகாமை அவர் பெரிய திருப்பமாகக் காட்டுவதும் உண்மைதான். நம் ஊரில் ஒன்று போய் இன்னொன்று வரவில்லை. தொழுமரமும் பிரம்பும் சீர்திருத்தப் பள்ளியும் ஒரே நேரத்தில் ஒன்றின் தோள்மேல் ஒன்று கைபோட்டு நின்றன. எந்தப் பிள்ளைக்கு எது என்பதில்தான் விசயம்.

செங்கல்பட்டுக்கே வருகிறேன். 2022 டிசம்பர் கடைசியில் ரயில்வே பேட்டரி திருடினான் என்று பிடித்த 17 வயசுப் பையனை அங்குள்ள அரசு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 31-ஆம் தேதி செத்துப்போனான். அடித்ததால் செத்தான் என்று வழக்காகி, இல்லத்து ஊழியர்கள் ஆறு பேரைக் கைது செய்தார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தார்கள். திருட்டு வேறு, சேதம் வேறு என்பது எனக்குத் தெரியும். பொருளின் மதிப்புக்கும் பிள்ளையின் உயிருக்கும் நடுவில் அந்த இல்லத்தில் என்ன தராசு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். 135 வருசத்தில் பலகையில் பேர் பலதடவை மாறிய ஊர் அது.

தமிழ் படித்தவர்கள் எல்லோருக்கும் மனுநீதிச் சோழன் கதை தெரியும். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது. இளவரசன் தேரில் போகிறான், கன்று குறுக்கே பாய்ந்து சக்கரத்தில் விழுந்து சாகிறது. ராசா தன் பிள்ளையையே தேர்க்காலில் இட்டார். இதை நீதியின் உச்சம் என்று மூணாங்கிளாசிலிருந்து சொல்லித் தருகிறார்கள். ராசா பிள்ளைக்கும் ஒரே நீதி என்பதில் நமக்குச் சந்தோசம்தான். ஆனால் பெரியபுராணத்தில் கன்று பாய்ந்ததை அவன் பார்க்கவே இல்லை. அவனிடம் "என்னடா நடந்தது" என்று உட்கார வைத்துக் கேட்கிற இடம் அந்தக் கதையில் எங்கே? சேதம் நடந்தது, தண்டனை நடந்தது, நடுவில் ஒரு பிள்ளை பேசவே இல்லை. கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் பிள்ளையையும் எழுப்பிக் கொடுத்தார். எங்கள் மாமாவின் எட்டு வருசத்தை எழுப்பிக் கொடுக்க யாரும் வரவில்லை.

எண்ணம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியில் நம் நீதிமன்றங்கள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதையும் சொல்லவேண்டும். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசையோடு 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலமுள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. அதற்கு அடுத்த வருசம்தான் ஒன்பது வயசுப் பையன் 'தெரிஞ்சேதான் வச்சான்' என்று எங்கள் ஊர் கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நம்பியது.

கடனுக்குப் பிள்ளையை விடுவது அப்போதே சட்டவிரோதம். 1931-இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம் அமிர்தசரஸ் கம்பளப் பட்டறைகளிலும் மதராஸ் மாகாணத்துப் பீடிப் பட்டறைகளிலும் முன்பணத்துக்கு அடமானமாகக் கிடந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசியது. அதைத் தொட்டு 1933-இல் குழந்தைகள் உழைப்பு அடமானச் சட்டம் வந்தது. 15 வயசுக்குக் கீழுள்ள பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கிற ஒப்பந்தம் செல்லாது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வேலைக்கு வைத்தவனுக்கு 200 ரூபாய் வரை. 200 ரூபாய் அபராதத்தில் எட்டு வருச உழைப்பு யாருக்கு நஷ்டம்? அந்த அபராதமும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்ததில்லை. பிறகு எமர்ஜென்சியில், 1976-இல், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். மாமா அப்போது ஆண்டை வீட்டுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். ரேடியோ அவர் வீட்டுத் திண்ணையில்தான் பாடிக்கொண்டிருந்ததாம். "நூசு கேட்டுக்கினேதான் அள்ளுவேன், அதுல நம்மளப் பத்தி சொல்றாங்கன்னு எனக்கு என்னா தெரியும்" என்பார்.

தோழர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டு, வைக்கோல் போரை எரித்ததை ஒடுக்கப்பட்டவனின் எதிர்ப்பாக ஏன் வாசிக்கக்கூடாது என்று கேட்டார். வாசிக்க முடியாது. எங்கள் மாமா மல்லாட்டை சுட்டார். பிள்ளையைப் புரட்சிக்காரன் ஆக்குவதும் குற்றவாளி ஆக்குவதும் ஒரே வேலைதான், இரண்டிலும் பிள்ளை காணாமல் போகிறது. போர் எரிந்தது சின்ன விசயம் என்றும் நான் சொல்லவில்லை. கோடை முழுக்க மாடு தின்ன வேண்டிய தீனி அது. எங்கள் தெருவில் ஒருத்தர் போர் எரிந்திருந்தால் அந்த மாட்டை விற்றிருக்க வேண்டியதுதான். நஷ்டம் நிஜம், அதற்கு ஒரு பதில் இருக்கத்தான் வேண்டும்.

அந்தப் பதிலை அன்றைக்கே சொன்ன ஒரு ஆள் உண்டு. எங்கள் பாட்டி. பஞ்சாயத்தில் பொம்பளை பேசக்கூடாது, அதுவும் சேரிப் பொம்பளை. தூரமாக நின்று கத்தியிருக்கிறார். அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்: "ரெண்டு பசங்களையும் கொண்டாந்து நிறுத்துங்க. எரிஞ்சது எவ்ளோன்னு வெளியாளு வந்து பாக்கட்டும். ரெண்டு வூட்டுலயும் பாதி பாதி போடுங்க. எம்புள்ள ஆடி மாசம் வரைக்கும் சாயங்காலத்துல புல்லு அறுத்தாந்து போடட்டும். பகல்ல அவன் பள்ளிக்கூடம் போவட்டும்." தாத்தாவே "வாய மூடு" என்று அதட்டிவிட்டார். பயம்.

நான் சட்டங்களைப் படித்துப் பார்த்ததில் பாட்டி சொன்னதைவிட நல்லதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பறிகொடுத்தவனே விலை போடக்கூடாது. செய்தவர்கள் எல்லோரும் நிற்க வேண்டும். தீனி போனதற்குத் தீனி, அதுவும் பிள்ளையின் கைக்கு முடிந்த அளவு. ஒரு முடிவுத் தேதி. பள்ளிக்கூடத்தில் கை வைக்கக்கூடாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் வருகிறது. கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம், பொதுச்சேவை செய்யச் சொல்லலாம், அபராதமும் போடலாம். ஆனால் அந்த அபராதத்தைப் பிள்ளையோ பெற்றோரோ கட்டவேண்டும் என்கிறது. கூலிக்காரத் தகப்பனுக்குப் போடுகிற அபராதம் எந்த வழியாகப் பிள்ளையின் தலையிலேயே திரும்பி விழும் என்பதைச் சட்டம் எழுதியவர்களைவிட எங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் புல்லைப் பற்றியும் பேசினார்.

2022-இல் வேலூர்ப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பையன்கள் மேசைகளை உடைக்கிற காட்சி செல்போன்களில் சுற்றியது. ஊரே கொதித்தது. ஒழுங்கீனமாக நடக்கிற மாணவர்களை டி.சி.யில் காரணம் எழுதி நிரந்தரமாக நீக்குவோம் என்று சட்டசபையில் பேசினார்கள். எட்டாம் வகுப்பு முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு மேல் படிக்கிற பிள்ளையின் டி.சி.யில் ஒரு வரி எழுதிவிட்டால் அதற்கு முடிவுத் தேதி எது? உடைந்த மேசைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம். இது ஆயுசுக்கும் கழியாத பாக்கி.

2023-இல் மாமாவின் பேரன் ஏழாம் வகுப்பு. நான்கு பசங்கள் வகுப்புக்குள்ளேயே பந்து விளையாடி ஸ்மார்ட் போர்டை உடைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர் 40,000 ரூபாய் கட்டு, இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினார். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கல்வி உரிமைச் சட்டத்தை நகல் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் மாமா பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அறையில் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு குடும்பம் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.

"நாலு பேருன்னு சொன்னீங்க சார். மீதி ரெண்டு பேரு எங்க?"

தலைமையாசிரியர் அவர்களுக்கும் சொல்லியிருப்பதாகச் சொன்னார். "அவுங்களும் வரட்டும், நாங்க உக்காந்திருக்கோம்" என்று மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் அந்த இரண்டு தகப்பன்களும் வந்தார்கள். அப்புறம் 40,000 என்று சொன்னது யார் என்று கேட்டார். போர்டு புதிதாக வாங்கினால் அந்த விலை. ரிப்பேர்க்காரன் வந்து பார்க்கட்டும் என்று முடிவாகி, அவன் பத்து நாள் கழித்து வந்து பார்த்ததில் 6,000 ரூபாயில் முடிந்தது. நாலு வீட்டுக்கும் 1,500. நாலு பையன்களும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் இருந்து வகுப்புகளைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். என் பையில் இருந்த நகலை நான் வெளியே எடுக்கவே இல்லை.

"எது வரிக்கும்?" என்று மாமா கேட்டார்.

"தீபாவளி வரைக்கும் செய்யட்டுமே" என்றார் தலைமையாசிரியர்.

"அத எழுதிக் குடுங்க சார்."

இதற்கெல்லாமா எழுதுவார்கள் என்று சிரித்துக்கொண்டே அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில் நின்று என்னிடம் நீட்டினார்.

"தேதி போட்டுருக்காரா பாரு."

10.11.2023 என்று போட்டிருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.